குறைந்த செலவில் தேனீ வளர்ப்பைத் தொடங்கிப் பெருக்குவது எப்படி? முதலில் 10 பெட்டிகள் போதுமா?

கையில் உள்ள பணத்தைப் பெட்டியின் விலையால் வகுத்துத்தான் 10 என்ற எண்ணுக்கு வந்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நானும் அப்படித்தான் கணக்கிட்டேன். என்னைக் கேட்டால், இரண்டு பெட்டிகளே போதும்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்களுக்குச் சிறிய தென்னந்தோப்பு உள்ளது. 2018 மாசியில் நகைக்கடன் பெற்று, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து 10 பெட்டி இந்தியத் தேனீக்களை வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்து, அடையில் முட்டையும் சேமித்த தேனும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வெயில் படக்கூடாது என்று தகரக் கொட்டகையின் கீழ் வைத்தேன். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டியபோது அந்தத் தகரமே அடுப்பாகிவிட்டது. தேனீக்கள் மொய்க்காமல் விட்ட அடைகளில், அடையைத் தின்னும் மெழுகுப்பூச்சி புகுந்தது. வெப்பம், பசி, பூச்சி ஆகிய மூன்றில் எது மிகுந்தாலும் இந்தியத் தேனீ கூட்டைக் கைவிட்டுப் பறந்துவிடும். கத்திரி முடிவதற்குள் ஏழு பெட்டிகள் காலியாகிவிட்டன. கடனை அடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

மிஞ்சிய மூன்றைப் புங்கமர நிழலுக்கு மாற்றி, தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி எறும்பைத் தடுத்தேன். அதன்பின் தேனீக்களை நான் விலைக்கு வாங்கவே இல்லை. தை, மாசியில் ஆண் தேனீக்கள் தென்படத் தொடங்கியதும், வலுவான பெட்டியில் அடை கட்டியுள்ள மரச்சட்டங்களில் பாதியைப் புதுப் பெட்டிக்கு மாற்றுவேன். ராணி இல்லாத பாதியில் இளம் முட்டைகள் இருக்க வேண்டும், அவற்றிலிருந்து தேனீக்களே புது ராணியை வளர்த்துக்கொள்ளும். ராணி வெளிவர 16 நாள் அளவில் ஆகும். அது ஆண் தேனீக்களோடு கலந்து முட்டையிடும்வரை பெட்டியை அடிக்கடி திறக்கக் கூடாது. புதுப் பெட்டிகளை ஊர்த் தச்சரிடம் பழைய கதவுப் பலகையில் செய்துகொண்டேன். உள்ளளவு மட்டும், இந்தியத் தேனீக்கு வழக்கமாகப் பயன்படும் நியூட்டன் பெட்டியோடு இம்மியும் மாறக் கூடாது, இல்லையேல் ஒன்றின் சட்டம் மற்றொன்றில் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேனீக்கள் வெளியே போக முடியாது. ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்த பாகை மாலையில் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன். இப்போது 19 பெட்டிகள் உள்ளன.

இத்தாலியத் தேனீ அதிகத் தேன் தருமே என்று சிலர் கேட்பார்கள். தரும், மறுக்கவில்லை. ஆனால் பூ உள்ள இடத்தைத் தேடிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிச் செல்லும் செலவை அவர்கள் சொல்வதில்லை. புங்கமும் வேம்பும் புளியும் அடுத்தடுத்துப் பூக்கும் நம் பகுதியில் இந்தியத் தேனீ இருந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும்.

விற்பனைதான் இன்னும் மனத்தை வருத்துகிறது. மார்கழிக் குளிரில் உறைந்த தேனைச் சீனிப்பாகு என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்கள். தேனிலுள்ள குளுக்கோஸ் படிகமாவதால் நல்ல தேனும் உறையும். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தி, அது இளகுவதை அவர்கள் கண்முன்னே காட்டுகிறேன். அப்படிக் காட்டிய பிறகும், முன்பு மாதம் பத்துப் பாட்டில் எடுத்த கடைக்காரர் ஒருவர் இன்றுவரை மீண்டும் வாங்கவில்லை.