9 எம்எம் ரிவால்வர் வாங்கலாமா, தம்பி?

நீங்கள் கேட்டது இது: டெக்சாஸ் வந்து ஒன்றரை வருடமாகிறது, அலுவலக நண்பர்களோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகிறீர்கள், அவர்கள் எல்லோரிடமும் 9 எம்எம் பிஸ்டல் இருக்கிறது. வீட்டுப் பாதுகாப்புக்கு நீங்களும் ஒன்று வாங்க நினைக்கிறீர்கள். மனைவிக்குப் பிஸ்டலின் ஸ்லைடை, அதாவது தோட்டாவை அறைக்குள் ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பகுதியை, இழுக்க முடியவில்லை. அதனால் 9 எம்எம் தோட்டா போடும் ரிவால்வர் ஒன்றை வாங்கினால் அவருக்கும் எளிது, மலிவான தோட்டாவும் கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா?

துப்பாக்கியைப் பற்றிப் பேசும் முன் ஒன்று. நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. எச்1பி, எல்1, எஃப்1, எச்4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றில் நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது செல்லுபடியாகும் வேட்டை உரிமம். இந்தத் தடை வாங்குவதற்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும், நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுடுவதும்கூட இதற்குள் வரும். "எல்லோரும் சுடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை" என்பது பதில் ஆகாது. துப்பாக்கிக் குற்றம் ஒன்று பதிவானால் நாட்டைவிட்டு அனுப்பப்படுவதற்கே அது காரணமாகலாம். அதனால் தற்காலிக விசா என்றால் ரேஞ்சுக்குப் போவதை இப்போதே நிறுத்துங்கள், ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். அதற்குப் பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

கிரீன் கார்டு இருந்தால் வழி திறந்திருக்கிறது. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும், கைத்துப்பாக்கி என்றால் வயது 21 ஆகியிருக்க வேண்டும். படிவத்தில் ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படியுங்கள். கஞ்சாவை அனுமதிக்கும் மாநிலத்தில் இருந்தாலும் மத்தியச் சட்டம் அதை ஏற்பதில்லை. அந்தக் கேள்வியும் படிவத்தில் உண்டு. பொய்யாக எழுதினால் அது தனியாக ஒரு கடுங்குற்றம். உங்கள் மனைவியின் நிலை உங்களுடையதிலிருந்து வேறுபட்டால், அதையும் தனியாகப் பார்க்க வேண்டும். நாளைக்கு வேலை மாறி நியூ ஜெர்சிக்கோ இல்லினாய்ஸுக்கோ கலிபோர்னியாவுக்கோ போனால் விதிகள் முற்றிலும் வேறு. டெக்சாஸ் பழக்கத்தை அங்கே கொண்டுபோக முடியாது.

சரி, இப்போது ரிவால்வருக்கு வருவோம்.

ரிவால்வருக்கென்று செய்யப்பட்ட தோட்டாவின் அடியில் அகலமான விளிம்பு ஒன்று இருக்கும். .38 ஸ்பெஷல், .357 மேக்னம் என்ற இரண்டு தோட்டா வகைகளும் அப்படித்தான். ரிவால்வரில் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளைதான் சிலிண்டர். அதன் அறைக்குள் தோட்டா ஆழமாகப் போய்விடாமல் நிறுத்துவது அந்த விளிம்பு. சுட்ட பிறகு காலிக் கூடுகளை வெளியே தள்ளும் பாகத்துக்குப் பிடி கொடுப்பதும் அதுதான். 9 எம்எம் தோட்டாவுக்கு அந்த விளிம்பு இல்லை, ஏனென்றால் பிஸ்டலின் மேகசினுக்குள் (கைப்பிடியில் செருகும் தோட்டாப் பெட்டி) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க அது தடையாக இருக்கும். ஆகவே பெரும்பாலான 9 எம்எம் ரிவால்வர்களில் தோட்டாக்களை மூன் கிளிப் என்ற மெல்லிய எஃகு வளையத்தில் செருகித்தான் போட வேண்டும். சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் பிட்புல் மாதிரி கிளிப் இல்லாமலே கூடுகளைத் தள்ளும் ரிவால்வர்களும் உண்டு, ஆனால் அவை குறைவு.

இது புதிய யோசனை இல்லை. முதல் உலகப் போருக்குள் அமெரிக்கா 1917-ல் நுழைந்தபோது ராணுவத்துக்குப் போதிய எம்1911 என்ற .45 பிஸ்டல்கள் இல்லை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற இரண்டு நிறுவனங்களும் தங்கள் பெரிய ரிவால்வர்களை அதே .45 பிஸ்டல் தோட்டாவுக்கு மாற்றிக் கொடுத்தன. மூன்று தோட்டா பிடிக்கும் அரைவட்ட கிளிப் அந்தத் தேவையிலிருந்து வந்தது. எம்1917 என்ற பெயரில் ஏறக்குறைய 3 லட்சம் செய்தார்கள். பின்னாளில் வந்த முழு வட்ட கிளிப் உண்மையாகவே வேகமானது. ஐந்தோ ஆறோ தோட்டாக்கள் ஒரே கட்டாக உள்ளே விழும், கூடுகளும் ஒரே கட்டாக வெளியே வரும். 1999-ல் ரிவால்வர் சுடுவதில் பேர்போன ஜெர்ரி மிக்குலெக் ஆறு சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட 2.99 விநாடிதான் எடுத்தார். அவர் கையில் இருந்தது மூன் கிளிப் போட்ட .45 ரிவால்வர். போட்டிகளில் ரிவால்வர் சுடுகிறவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நீங்கள் போட்டிக்கு வாங்கவில்லை. வீட்டில் இழுப்பறைப் பெட்டியில் மாதக்கணக்கில் கிடக்கப்போகும் துப்பாக்கி அது. அங்கே கிளிப்பின் மறுபக்கம் தெரியும். அது மெல்லிய தகடு. கீழே விழுந்தாலோ, பையில் மற்ற சாமான்களோடு அழுந்தினாலோ, கூடுகளைக் கையால் முறுக்கிக் கழற்றினாலோ கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்துவிடும். அந்த வளைவே போதும், சிலிண்டர் உரசும், விசை (ட்ரிகர்) கனக்கும், சில சமயம் சுழலவே சுழலாது. அதனால் கிளிப்பை மட்டுமல்ல, கூடு கழற்றும் கருவியையும் வாங்க வேண்டும். நிறைய கிளிப்புகள் வாங்க வேண்டும். நிரப்பிய ஒவ்வொரு கிளிப்பையும் போட்டு, சிலிண்டர் தடையில்லாமல் சுழல்கிறதா என்று ரேஞ்சில் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். கிளிப் இல்லாமலும் சில மாடல்களில் சுடலாம். ஆனால் ஒவ்வொரு கூட்டையும் குச்சியால் குத்தி வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரர்கள் அதிகம் பேசாத இன்னொரு சிக்கல் இருக்கிறது. நான் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ரிவால்வர் தோட்டாவில் கூட்டின் வாயை உள்பக்கம் மடித்து ஈயக்குண்டை இறுகப் பிடிக்க வைப்பார்கள். பிஸ்டல் தோட்டாவில் அப்படி மடிக்க முடியாது, ஏனென்றால் பிஸ்டலில் கூட்டின் வாய் விளிம்புதான் அறைக்குள் முட்டி நிற்கும். எடை குறைந்த ரிவால்வரில் ஒரு தோட்டா வெடித்துத் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது, மற்ற அறைகளில் காத்திருக்கும் கூடுகளும் துப்பாக்கியோடு பின்னால் போகின்றன. குண்டுகளோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. இரண்டு மூன்று முறை சுட்டதும் கடைசித் தோட்டாவின் குண்டு முன்னால் நகர்ந்து துருத்திக்கொள்ளலாம். சிலிண்டர் அதோடு நின்றுவிடும். தட்டிச் சரி செய்கிற சிக்கல் இல்லை இது. ரூகர் எல்சிஆர் 9 எம்எம் ஏறக்குறைய 490 கிராம்தான். அந்த எடையில் எந்தத் தோட்டா நகர்கிறது, எது நகரவில்லை என்று நீங்களே சோதிக்க வேண்டும்: நிரப்புங்கள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சுடுங்கள், மிஞ்சியதை எடுத்து, சுடும் முன் இருந்த நீளத்தோடு காலிப்பர் என்ற அளவுக் கருவியால் ஒப்பிடுங்கள். கனமான எஃகு ரிவால்வரில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

இனி உங்கள் மனைவி விஷயம். ஸ்லைடை இழுக்க முடியாதவருக்கு ரிவால்வர் என்பது எல்லோரும் சொல்கிற அறிவுரை. அவர் எதனால் இழுக்க முடியவில்லை என்று யாராவது பார்த்தார்களா? பெரும்பாலும் பிடிக்கும் முறைதான் காரணம். நல்ல பயிற்சியாளர் ஒரே வகுப்பில் சரி செய்துவிடுவார். கையில் உண்மையாகவே பலம் குறைவு என்றால், ரிவால்வரின் நீண்ட கனத்த விசையும் அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அதோடு 490 கிராம் துப்பாக்கியில் 9 எம்எம் நன்றாகவே உதைக்கும். முதல் நாள் கை வலித்தால் இரண்டாம் நாள் அவர் ரேஞ்சுக்கு வரமாட்டார்.

தோட்டா விலை என்ற வாதம் மட்டும் சரியானது. .38 ஸ்பெஷலைவிட 9 எம்எம் மலிவு, எங்கும் கிடைக்கும். குட்டை பேரலில் (துப்பாக்கிக் குழல்) 9 எம்எம் குண்டுக்குக் கூடுதல் வேகம் தரும் என்பதும் உண்மை: தோட்டா வெடிக்கும்போது அதன் அழுத்த வரம்பு 35,000 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), .38 ஸ்பெஷலுக்கு 17,000. ஆனால் வருடத்துக்குச் சில பெட்டிகள் சுடப்போகிறவருக்கு அந்த மிச்சம் கிளிப்புகளுக்கும் கருவிக்குமே போய்விடும்.

என் முடிவு: உங்கள் தேவைக்கு அதை வாங்காதீர்கள். ரிவால்வர்தான் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்றால் ரூகர் ஜிபி100 மாதிரி கனமான .357 எஃகு ரிவால்வர் ஒன்றை எடுத்து, அதில் போடக்கூடிய .38 ஸ்பெஷலைப் போட்டுச் சுடுங்கள். உதைப்பு மென்மையாக இருக்கும், கிளிப் வேண்டாம். 9 எம்எம்தான் வேண்டும் என்றால், ஸ்லைடு எளிதாக இழுபடும்படியே செய்யப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்ட் ஈஸி பிஸ்டலை உங்கள் மனைவி கையில் கொடுத்துப் பாருங்கள். இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுட்ட பிறகு அவரே தேர்ந்தெடுக்கட்டும். 9 எம்எம் ரிவால்வர், ஏற்கெனவே ரிவால்வர் பழகி, நிறையச் சுடுகிறவருக்கு இரண்டாவது மூன்றாவது துப்பாக்கியாக நன்றாக இருக்கும். அப்போதும் எஃகில் வாங்க வேண்டும்.

எதை வாங்கினாலும் அதே நாளில் பூட்டுப் பெட்டியும் வாங்குங்கள். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை எடுக்கும்படி நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பூட்டத்தான் வேண்டும்.

அப்புறம், ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது ஒருநாளும் எடுக்காதீர்கள். அடியில் மறந்து கிடக்கும் ஒரே ஒரு தோட்டா போதும், சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கு வந்துவிடும். அந்தப் பைக்குத் தனி நிறம் வாங்கி, கராஜிலேயே வைத்துவிடுங்கள்.