பதில்: லைக் வருகிறது, புத்தகம் விற்கவில்லை

வணக்கம் நண்பரே. சிறுகதைத் தொகுப்பின் அட்டையைத் தினமும் ஃபேஸ்புக்கில் போடுகிறீர்கள், வாழ்த்து குவிகிறது, கிண்டிலில் யாரும் வாங்கவில்லை என்கிறீர்கள். அட்டையைப் பார்த்தால் வாழ்த்தத்தான் தோன்றும். வாங்கத் தோன்ற வேண்டுமானால் உங்கள் எழுத்து கண்ணில் பட வேண்டும். ஒரு கதையின் முதல் இரண்டு பத்தியை அப்படியே போட்டு, சண்டை தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். லிங்க்கை முதல் கமெண்டில் கொடுங்கள். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் லிங்க் அழுத்தினால் திறக்காது, அங்கே புரொஃபைலில் வையுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். மின்னூலைக் கிண்டிலில் மட்டுமே விற்பதாக ஒப்புக்கொள்ளும் அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்திருந்தால், அதில் இருக்கும் 90 நாளும் புத்தகத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இணையத்தில் வேறெங்கும் போடக்கூடாது. சின்னத் தொகுப்பென்றால் ஒரு முழுக்கதையே அந்த அளவைத் தாண்டிவிடும்.

அப்புறம், வாழ்த்தியவர்களில் உண்மையாகவே வாசிக்கிறவர்கள் யாரென்று உங்களுக்கே தெரியும். படித்துவிட்டு நாலு வரி எழுத முடியுமா என்று அவர்களிடம் தனியாகக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.