ஏசி (மாறுதிசை) கரண்ட் ஓடும் கம்பிச் சுருளுக்கு, அதாவது காயிலுக்கு மேல் அலுமினியத் தட்டு மிதக்கிறது, ஆனால் பக்கவாட்டில் நழுவி விழுகிறதே, ஏன்?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. தூக்குவது வேறு, நழுவாமல் நிறுத்துவது வேறு. தூக்குவது சுலபம்.

"லென்ஸ் விதிப்படி தள்ளும்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். காயிலின் காந்தப் புலம் மாறும்போது தட்டில் தூண்டப்படும் கரண்ட் அந்த மாற்றத்தை எதிர்க்கும் என்பதுதான் அந்த விதி. எனக்கு அது பாதி பதில்தான். புலம் ஏறும்போது தள்ளினால், இறங்கும்போது இழுக்க வேண்டுமே? தட்டில் மின்தடை மட்டும் இருந்தால் அப்படித்தான் நடக்கும். தள்ளலும் இழுப்பும் சமமாகி, சராசரி விசை பூஜ்யம். தட்டுக்கு இண்டக்டன்ஸும் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) இருப்பதால் அதில் ஓடும் கரண்ட் இன்னும் கொஞ்சம் பின்தங்குகிறது, தள்ளும் நேரம் கூடிவிடுகிறது. 1887-இல் பொறியாளர் எலிஹு தாம்சன் காட்டிய குதிக்கும் வளையத்தின் கதையும் இதுதான்: காயிலின் நடுவே நிற்கும் இரும்புக் கம்பத்தில் கோத்த உலோக வளையம், ஏசி கொடுத்ததும் மேலே எகிறும். வளையத்தைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்தால் மின்தடை குறைந்து இன்னும் உயரமாகக் குதிக்கும். குறுக்கே அறுத்துவிட்டால் அசையவே அசையாது.

சென்னையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி லேபில் இந்த வளையம் உண்டு. மிதக்கும்போது விரலால் தொட்டால் கிர்ரென்று அதிரும். சப்ளை 50 ஹெர்ட்ஸ் என்றால் விசை விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ரொம்ப நேரம் விட்டால் தொட முடியாதபடி சுட்டுவிடும்.

அந்த வளையம் நழுவாததற்குக் காரணம், நடுவில் நிற்கும் இரும்புக் கம்பம். உங்கள் தட்டுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. ஒற்றைக் காயிலின் புலம் நடுவில் வலுவாகவும் ஓரத்தில் பலவீனமாகவும் இருப்பதால், தட்டு பலவீனமான பக்கம் ஓடுகிறது. நிலைக்காந்தங்களை மட்டும் வைத்து எதையும் நிலையாக மிதக்கவிட முடியாது என்று 1842-இல் கணிதவியலாளர் ஏர்ன்ஷா நிறுவினார். மாறும் புலத்தில் தூண்டப்படும் கரண்டுக்கு அந்தத் தடை கிடையாது, ஆனால் புலத்தின் வடிவத்தை நாம்தான் அமைத்துத் தர வேண்டும்.

1939-இல் பெட்ஃபோர்டு, பீர், டாங்க்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு காயிலுக்குள் இன்னொன்றை வைத்து, கரண்டை எதிரெதிராக ஓடவிட்டார்கள். நடுவில் புலம் இளைத்து, இரண்டுக்கும் இடையில் வலுக்கிறது. கிண்ணத்தில் விட்ட கோலிகுண்டு மாதிரி தட்டு நடுவுக்கே திரும்பிவரும்.

(பழைய ஈ.பி. மீட்டரில் சுற்றிய அலுமினியத் தட்டும் இப்படித் தூண்டப்படும் கரண்டால் (சுழல் மின்னோட்டம் என்பார்கள்) ஓடியதுதான். அங்கே தள்ளல் பக்கவாட்டில்.)

செய்து பார்ப்பதாக இருந்தால் தகடு தடிமனாக இருக்கட்டும். 50 ஹெர்ட்ஸில் அலுமினியத்தின் ஊடுருவல் ஆழமே (மாறும் புலம் உலோகத்துக்குள் எவ்வளவு தூரம் புகும் என்பதன் அளவு) சுமார் 12 மி.மீ.; ஃபாயில் தாளெல்லாம் இதற்கு உதவாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எனாமல் கம்பி வாங்கும்போதே ஒரு ஃபியூஸும் வாங்கிவிடுங்கள். காயிலை நேராக பிளக்கில் சொருகாமல் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயின்ஸோடு நேரடித் தொடர்பைத் துண்டிப்பது), வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைப்பது) வழியாகக் கொடுங்கள்.