கிறிஸ்துமஸுக்குக் கடற்கரை ரிசார்ட் போகிறீர்களா? கேள்வி பதில்

விடுமுறைப் பயணம் ஏற்பாடு செய்து தருவது என் தொழில், அதிலும் வெப்பமண்டலக் கடற்கரைகள்தான் அதிகம். டிசம்பர் கடைசியில் போக நினைப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விசா, விமான டிக்கெட் இரண்டும் என் வேலை இல்லை, அதை என்னிடம் கேட்காதீர்கள். ரிசார்ட் பெயரைச் சொல்லி "நல்லா இருக்குமா" என்று கேட்பதற்கு முன்னால் அது எந்தக் கரையில் இருக்கிறது என்று வரைபடத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

நீலக்குடை: அக்கா, தாய்லாந்தில் ஃபுக்கெட்டா கோ சமூயியா என்று வீட்டில் ஒரே சண்டை. ஒரே நாடுதானே, ஒரே வானிலைதானே, எது மலிவோ அங்கே போவோம் என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: அது ஏன் மலிவு என்று அவரைக் கேளுங்கள். டிசம்பரில் வீசுவது வடகிழக்குப் பருவக்காற்று. அது தாய்லாந்து வளைகுடாவைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கிழக்குக் கரையில் கொட்டும். சமூய் இருப்பது அந்தப் பக்கம். அங்கே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெருமழைக் காலம், நவம்பர் உச்சம். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மழை குறையத் தொடங்கும், ஆனால் கடல் அடங்கியிருக்கும் என்று நம்பிப் போக முடியாது. ஃபுக்கெட்டும் கிராபியும் அந்தமான் கடல் பக்கம். நடுவில் மலைகள் மறைத்துக்கொள்வதால் அங்கே ஏறக்குறைய ஏப்ரல் வரை வெயிலும் அமைதியான கடலும்தான்.

இலங்கைக்கும் மலேசியாவுக்கும் இதே காற்று, இதே கணக்குதான். இலங்கை என்றால் டிசம்பரில் பெந்தோட்டை, மிரிஸ்ஸ பக்கம் போங்கள், கிழக்கே திருகோணமலையும் அறுகம்குடாவும் மே முதல் செப்டம்பர் வரை போக வேண்டிய இடங்கள். மலேசியாவில் லங்காவி சரி, கிழக்கே பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் இந்தப் பருவத்தில் பல ரிசார்ட்டுகள் பூட்டியே கிடக்கும். கரீபியனில் ஹரிகேன் பருவம் நவம்பர் 30-ல் முடிந்துவிடுகிறது, அதனால் அங்கே டிசம்பர் நல்ல மாதம், ஆனால் மாதத்தின் நடுவிலிருந்து காற்று பலமாக வீசும். கிறிஸ்துமஸ் காற்று என்றே அதற்குப் பெயர். காற்றாடிப் பலகை விளையாடுபவர்களுக்குக் கொண்டாட்டம், படகில் வாந்தி எடுப்பவர்களுக்குத் திண்டாட்டம். ஹவாயில் ஓவாஹு தீவின் வடகரையில் இந்த மாதங்களில் எழும் அலை, சறுக்குவீரர்கள் உலகம் முழுக்கத் தேடி வரும் அலை, நீங்கள் குழந்தையோடு கால் நனைக்கிற அலை இல்லை. அதே தீவில் தெற்கே வைக்கீக்கி சாதுவாக இருக்கும். ஒரே தீவு, பாருங்கள்.

ஆக, ஃபுக்கெட்.

மழைக்குப்பயந்தவன்: பாலி? டிசம்பர் 24 முதல் 30 வரை.

பதில்: பாலி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது, நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். நாள் முழுக்க ஊற்றும் என்பதில்லை, பெரும்பாலும் மதியத்துக்கு மேல் அடித்துப் பெய்து ஓய்ந்துவிடும். எனக்கு மழையைவிடக் குப்பைதான் கவலை. இந்த மாதங்களின் மேற்குக் காற்று கூட்டா, லெகியான், ஜிம்பரான் கரைகளில் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து குவிக்கும், காலையில் வாரி எடுத்தால் மாலையில் மறுபடி. மலையோரம், வயல், நீச்சல்குளம் போதும் என்றால் பாலி போங்கள். கடலுக்காக மட்டும் என்றால் வேறு மாதம்.

கறார்கணக்கு: ஒரு தீவு ரிசார்ட்டில் முழுப்பணமும் கட்டி முடித்த பிறகு, டிசம்பர் 24 இரவு காலா டின்னர் கட்டாயம், தலைக்கு இவ்வளவு என்று தனி பில் அனுப்பியிருக்கிறார்கள். எங்களுக்கு அந்த விருந்து வேண்டாம், அறையிலேயே ரொட்டி தின்றுவிட்டுப் படுக்கிறோம் என்றால், வராவிட்டாலும் கட்டணம் உண்டு என்கிறார்கள். இதற்குப் பெயர் என்ன?

பதில்: சட்டப்படி செல்லுமா என்பதை வக்கீலிடம் கேளுங்கள். நடைமுறை என்னவென்றால் மாலத்தீவு, தாய்லாந்து என்று பல இடங்களில் பெரிய ரிசார்ட்டுகள் இதைச் செய்கின்றன. 24 அல்லது 25 ஒரு விருந்து, 31 இரவு இன்னொன்று. காலை உணவும் இரவு உணவும் சேர்த்து புக் செய்தவர்களுக்கும் மேற்கொண்டு கட்டணம் உண்டு. நிபந்தனைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், முதலில் அதைத் தேடிப் பாருங்கள். அங்கே இல்லவே இல்லை என்றால் நீங்கள் பேசலாம், எழுத்தில் பேசுங்கள். மற்றவர்கள் எல்லோரும் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது: விருந்துக் கட்டணம் உண்டா, எந்தத் தேதிக்கு, குழந்தைக்கு எவ்வளவு, சர்வீஸ் சார்ஜும் வரியும் அதில் சேர்ந்ததா. பதில் மின்னஞ்சலில் வர வேண்டும். தொலைபேசியில் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும்.

சமையற்கட்டு: அக்கா, நான் ஒரு தீவு ரிசார்ட்டின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். கறார்கணக்கு கொள்ளை என்று நினைக்கிறார். எங்களுக்குக் கீரை முதல் பால் வரை படகில் வரவேண்டும். எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று வாரக்கணக்கில் முன்னாலேயே தெரிந்தால்தான் ஆர்டர் போட முடியும். அன்றிரவு மற்ற உணவகங்களை மூடிவிட்டு ஆட்களையெல்லாம் ஒரே இடத்துக்கு இழுக்கிறோம். கட்டாயம் இல்லையென்றால் பாதிப்பேர் கடைசி நிமிடத்தில் வரமாட்டார்கள், அவ்வளவும் குப்பைக்குப் போகும்.

கறார்கணக்கு: சரி ஐயா, கட்டாயமென்றால் அறை வாடகையிலேயே சேர்த்துச் சொல்ல என்ன தடை? தேடும்போது மலிவாகத் தெரியவேண்டும், மாட்டிய பிறகு கறக்கவேண்டும். கீரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சமையற்கட்டு: விலையைப் போடுவது நாங்கள் இல்லை.

பதில்: இருவரும் வேறு வேறு விஷயம் பேசுகிறீர்கள். தீவில் கட்டாய விருந்துக்குக் காரணம் இருக்கிறது, நீந்திப் போய் வேறு இடத்தில் சாப்பிட முடியாது, அவர்கள் யாருக்காவது சமைத்துத்தான் ஆகவேண்டும். அதை மொத்த விலையில் காட்டாமல் ஒளிப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை, அது ஏமாற்றுதான். ஊருக்குள் இருக்கிற கடற்கரை விடுதி, வாசலில் இறங்கினால் வரிசையாக உணவகங்கள், அங்கேயும் கட்டாயம் என்பவர்களுக்கு நான் ஆள் அனுப்புவதில்லை.

இலைக்காய்கறி: நாங்கள் மது, மாமிசம் எதுவும் தொடமாட்டோம். எங்களுக்கும் அதே கட்டணமா?

பதில்: அநேகமாக அதேதான். குறைத்துத் தருவது அரிது. சைவம் என்பதை முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அலங்கரித்த பழத்தட்டோடு திரும்புவீர்கள்.

கறார்கணக்கு: பார்த்தீர்களா, குடிக்காதவன் குடிப்பவனுக்குச் சேர்த்துக் கட்டுகிறான்! அந்தப் பணத்தில் ஊழியர்களுக்காவது ஏதாவது போகிறதா?

சமையற்கட்டு: எங்கள் இடத்தில் சர்வீஸ் சார்ஜ் எல்லோருக்கும் பங்கு பிரியும். விருந்துக் கட்டணத்தில் தனிப் பங்கு கிடையாது. 25-ம் தேதி என் குழந்தை முகத்தை போனில்தான் பார்ப்பேன். அதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

கறார்கணக்கு: உங்கள்மேல் கோபம் இல்லை. பில் போட்டவன்மேல்தான்.

பதில்: இத்தோடு விருந்தை மூடுகிறேன். அடுத்த ஆள்.

மூன்றாம்படி: பாலியில் கிறிஸ்துமஸ் நேரம் மழை இருக்குமா மேடம்?

பதில்: மேலே இருக்கிறது.

அலைபாயுதே: எங்கள் ரிசார்ட் கடற்கரையில் சில இடத்தில் அலை பெரிதாக உடைகிறது, நடுவில் ஒரு இடம் மட்டும் அமைதியாக இருக்கிறது. குழந்தைகளை அங்கே இறக்கலாமா?

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இந்தப் பதிலை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக அலை உடைந்து, நடுவில் கொஞ்சம் கருத்து, அலையே இல்லாதது போலத் தெரியும் இடம் பெரும்பாலும் ரிப் கரண்ட், அதாவது கரைக்கு வந்து சேர்ந்த தண்ணீர் எல்லாம் ஒன்றாகக் கடலுக்குத் திரும்பிப் போகும் பாதை. அடி அங்கே ஆழமாக இருப்பதால்தான் அலை உடைவதில்லை. நுரையோ கலங்கிய மணலோ அந்த வழியாக வெளியே நகர்வது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். வேகம் பிடித்தால் வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல்கூடப் போகும், ஒலிம்பிக் வீரரும் எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது. அது ஆளை அடியில் இழுக்காது, வெளியே கொண்டுபோகும். மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் கரையைப் பார்த்து நீந்திக் களைத்துப்போனவர்கள். மாட்டிக்கொண்டால் மிதந்து மூச்சை நிதானப்படுத்துங்கள், கையை உயர்த்துங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து அலையோடு கரை ஏறுங்கள். இன்னொருவர் மாட்டியதைப் பார்த்தால் உடனே பாய்ந்துவிடாதீர்கள். காப்பாற்றப் போனவர் போவதும் இழுக்கப்பட்டவர் எப்படியோ பிழைப்பதும் அடிக்கடி நடக்கிறது. மிதக்கிற எதையாவது எறிந்துவிட்டு உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

கொடியைப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் காவல் உண்டு, அங்கே குளியுங்கள். சிவப்பு என்றால் இறங்காதீர்கள். ஊதா என்றால் ஜெல்லிமீன் போன்றவை வந்திருக்கின்றன. ரிசார்ட்டின் சொந்தக் கரை என்பதால் காவல் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், நிறைய இடங்களில் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

நல்லநீச்சல்: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். சிவப்புக்கொடி எல்லாம் தெரியாதவர்களுக்குத்தானே?

பதில்: மேலே வேகம் எழுதியிருக்கிறேன்.

கடுகு: ஜெல்லிமீன் கொட்டினால் சிறுநீர் விட வேண்டும் என்கிறார்களே?

பதில்: அது யாரோ கிளப்பிவிட்டது, உதவாது, விஷம் இன்னும் கக்கவும் கூடும். மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். பெட்டி ஜெல்லிமீன் என்கிற கொடிய விஷவகை இருக்கும் இடங்களில், உதாரணமாக நவம்பர் முதல் மே வரை வடக்கு ஆஸ்திரேலியாவில், வினிகர் தாராளமாக ஊற்றி அவசர உதவியைக் கூப்பிடவேண்டும். கரையிலேயே வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். மூச்சு முட்டினால் எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

வெள்ளித்திரை: மேகமூட்டமாக இருந்தால் சன்ஸ்கிரீன் தேவையா?

பதில்: தேவை. மேகம் புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்காது. உடம்பு முழுக்கப் பூச ஒரு பெரியவருக்கு 30 மில்லி வேண்டும், பெரும்பாலோர் அதில் கால்வாசியிலிருந்து பாதி வரைதான் தடவுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளித்தபிறகும் மறுபடி. ஹவாயில் 2021 ஜனவரி முதல் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனைக் கடைகளில் சாதாரணமாக விற்க முடியாது, பவளப்பாறைக்குக் கேடு என்பதால். வாங்கும்போதே பாருங்கள். கொசு மருந்தும் போடுவதென்றால் சன்ஸ்கிரீன் முதலில், கொசு மருந்து அப்புறம். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், அதனால் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஐந்துமாதம்: கர்ப்பமாக இருக்கிறேன், டெங்கு, ஜிகா பயம் இருக்கிறது. போகலாமா?

பதில்: உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், இடத்தின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

தென்னங்கீற்று: பாலியில் டிசம்பர் மழை எப்படி?

பதில்: ...

பாதிரிவீடு: கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்குப் போகாமல் எங்கள் அம்மாவால் இருக்க முடியாது. மாலத்தீவு பார்த்து வைத்திருக்கிறோம்.

பதில்: நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. மாலத்தீவில் தேவாலயமே கிடையாது, இஸ்லாம் தவிர வேறு மதத்தின் பொது வழிபாட்டுக்கு அனுமதி இல்லை. ரிசார்ட்டில் மரம் வைப்பார்கள், சான்டா படகில் வந்து இறங்குவார், ஆராதனை இருக்காது. அம்மா வருகிறார் என்றால் இலங்கையில் நீர்கொழும்பு பாருங்கள். கத்தோலிக்கர் நிறைய வாழும் ஊர், தேவாலயங்களும் கடற்கரையும் பக்கம் பக்கமாக, டிசம்பருக்கு ஏற்ற மேற்குக் கரையும்கூட.

ஓரக்கண்: டிசம்பர் 26 என்றாலே சுனாமிதான் நினைவு வருகிறது. பயப்படுவது முட்டாள்தனமா?

பதில்: இல்லை. 2004-ல் அன்றைக்குத் தாய்லாந்தில் காவோ லாக், ஃபுக்கெட் ரிசார்ட்டுகளில் இருந்தவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள்தான். பல நாடுகளிலும் சேர்த்து மொத்தம் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை, இப்போது இருக்கிறது. ஆனால் சங்கு ஊதும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவில் அனக் கிரக்கத்தாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து வந்த அலைக்கு முன்னால் மக்கள் உணரும்படி நிலநடுக்கமே இல்லை, 400-க்கும் மேற்பட்டோர் போனார்கள், கடற்கரை ரிசார்ட்டும் அதில் அடிபட்டது. போய் இறங்கியதும் மேட்டுக்கு எந்த வழி என்று பார்த்து வையுங்கள். நீண்ட நேரம் நிலம் குலுங்கினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, விசித்திரமாக இரைந்தாலோ ஓடுங்கள், பையை எடுக்க அறைக்குப் போகாதீர்கள். உள்வாங்காமலும் வரலாம். முதல் அலையோடு முடிந்தது என்று இறங்கி வராதீர்கள், பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம்.

சிவப்புத்தொப்பி: காலா டின்னருக்கு என்ன உடை?

பதில்: விருந்தை மூடியாயிற்று. முழுக்கால் சட்டை போதும்.

முத்துக்குளி: கடைசி நாள் காலை கடலடியில் ஸ்கூபா டைவிங், மாலை விமானம். சரிதானே?

பதில்: சரியில்லை. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது தரையில் இருக்கவேண்டும். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மேலே போனதும் குமிழாகும். டைவிங்கை முதல் நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலைப்பயணி: மாலத்தீவின் தலைநகர் மாலேயில் சாயங்காலம் ஆறரைக்கு இறங்குகிறோம், ரிசார்ட்டுக்கு சீபிளேன் என்று போட்டிருக்கிறது.

பதில்: சீபிளேன், அதாவது தண்ணீரில் இறங்கும் விமானம், இருட்டில் பறக்காது. அன்றிரவு மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ தங்கவேண்டும், உச்ச விலைக்கு வாங்கிய முதல் இரவு வீணாகும். விமான நேரத்தை மாற்றுங்கள், அல்லது வேகப்படகில் போகிற தூரத்தில் உள்ள ரிசார்ட்டாகப் பாருங்கள்.

பொறுமைசாலி: கிறிஸ்துமஸ் அன்றே போகவேண்டும் என்று இல்லை. ஜனவரி 2-ல் போனால் விலை இறங்கியிருக்குமா?

பதில்: நினைக்கிற அளவு இறங்காது. ரஷ்யர்களுக்கு ஜனவரி 7 கிறிஸ்துமஸ், அவர்களுடைய புத்தாண்டு விடுமுறையும் அந்த வாரம் முழுக்க, அதனால் மாலத்தீவிலும் ஃபுக்கெட்டிலும் பல இடங்களில் ஜனவரி 10 வரை உச்ச விலைதான். அதற்கு அப்புறம் தேதி பாருங்கள், கடல் இன்னும் நன்றாக இருக்கும், கட்டாய விருந்தும் இருக்காது.