பிஎம் கிசான் பட்டியலில் யார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் ஊரில் யாருக்கெல்லாம் பிஎம் கிசான் பணம் வருகிறது என்று பார்க்க முடியுமா? கேட்டால், 'அடுத்தவர் கணக்கு உனக்கு எதுக்கு' என்கிறார்கள்.

தாராளமாகப் பார்க்கலாம். நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் தரும் திட்டம்தான் பிஎம் கிசான். அதன் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியல் என்ற பகுதி இருக்கிறது. மாநிலம், மாவட்டத்தில் தொடங்கிக் கிராமம் வரை தேர்ந்தெடுத்தால் பெயர்கள் வந்துவிடும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் பொதுப்பணம் யாருக்குப் போகிறது என்பது ஊர் விஷயம்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவே, மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் வேறு சங்கதி. அவற்றைக் கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

பட்டியலில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் பெயரும், நிலமே இல்லாத ஒருவர் பெயரும் இருக்கின்றன. புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் முதலில் விதியைச் சரிபாருங்கள். மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர் சேர முடியாது; நான்காம் நிலை ஊழியராக இருந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. வருமான வரி கட்டுபவர், தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரும் சேர முடியாது.

நிலமில்லாதவர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2020-இல் தமிழ்நாட்டில் நடந்தது நினைவிருக்கும். விவசாயிகளே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று வந்த வசதியைத் தரகர்கள் பிடித்துக்கொண்டார்கள். துறை ஊழியர்களின் பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்குப் போனது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போய்விட்டதாக அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது. கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுத்த ஏழைகள் அதில் நிறையப் பேர். பிறகு பணத்தைத் திருப்பிப் பிடித்தது அவர்கள் கணக்கிலிருந்துதான். சேர்த்துவிட்டவன் வாங்கிய கமிஷன் வேறு.

எனவே புகாரில் 'இவர் திருடினார்' என்று எழுதாதீர்கள். 'இந்தப் பதிவின் தகுதியை ஆய்வு செய்யுங்கள்' என்று எழுதி, வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் கொடுத்து ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். அப்புறம், பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். எந்த சர்வே எண் யாருடையது என்று ஊருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதால் பெயர்களைத் தர முடியாது என்று என் மனுவைத் திருப்பிவிட்டார்கள்.

அந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(ஜே) பிரிவை இறுக்கியது உண்மை. தனிப்பட்ட தகவல் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுக்க இப்போது இடமிருக்கிறது. இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. இருந்தாலும் 4-ஆவது பிரிவை அது தொடவில்லை. பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்னும் 8(2)-உம் அப்படியே இருக்கிறது. இரண்டையும் குறிப்பிட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். ஆய்வில் நீக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், திரும்பிய தொகை எவ்வளவு என்று எண்ணிக்கையாகவும் கேளுங்கள். அதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை.

மூன்று தவணையாக எனக்குப் பணம் வரவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை.

இணையதளத்தில் உங்கள் பதிவு நிலையைப் பாருங்கள். பெரும்பாலும் இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாக அடையாளத்தை உறுதிசெய்வது, முடியாமல் இருக்கும், இல்லையென்றால் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்காது, பட்டா விவரம் ஒத்துப்போயிருக்காது. யாருக்குப் பணம் போகிறது என்று பட்டியல் போடும் அரசு, யாரை எதற்காக நிறுத்தியது என்றும் ஊர்வாரியாகப் போட வேண்டும் என்பது என் கருத்து. தப்பாகச் சேர்ந்தவரைப் போலவே தப்பாக விடுபட்டவரும் அப்போதுதான் கண்ணில் படுவார்.

குத்தகைக்கு உழுகிறேன். எனக்கு உண்டா?

பிஎம் கிசானில் இல்லை, நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலை விஏஓவிடம் வாங்கி, கடைசித் தேதிக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.