ரிசப்ஷனில் போட்ட கையெழுத்து

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர், பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்த தோழிகள். பதினைந்து வருஷம் கழித்து, அவரவர் வீட்டில் சொல்லிவிட்டு, போன மாதம் சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க் ரிசார்ட்டுக்குப் போனோம். ஏரியைப் பார்த்த நான்கு அறை, இரண்டு இரவு, பார்க் டிக்கெட்டோடு சேர்த்து 84,000 ரூபாய். என் கார்டில் கட்டினேன், மற்றவர்கள் எனக்கு ஜிபே செய்தார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் போய் இறங்கி காலை ஒன்பது மணிக்கே ரிசார்ட்டில் நின்றோம். அறை கிடைத்தது மாலை ஐந்தரைக்கு. அதுவும் ஏரிப்பக்கம் இல்லை, பின்கட்டில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். கேட்டதற்கு ரிசப்ஷனில் இருந்தவர் எங்கள் திருநெல்வேலிப் பேச்சை அப்படியே பேசிக் காட்டிச் சிரித்தார். ஒருத்தி அழுதுவிட்டாள். கடைசியில் 8,000 ரூபாய்க்குச் சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்து, ஒரு தாளில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். பத்து லட்சம் நஷ்டஈடு கேட்க வேண்டும். வழக்கைச் சென்னையில்தான் போட வேண்டும் என்று புக்கிங் நிபந்தனையில் இருக்கிறதே, உண்மையா?

பதில்: நீங்கள் எழுதியது நாலு பக்கம். அதில் கையெழுத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எனக்கு அந்த ஒரு வரிதான் வழக்கு.

மற்றதை விரைவாக முடித்துவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய புக்கிங் ரசீதில் அறை கொடுக்கும் நேரம் மதியம் இரண்டு மணி என்று இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை காத்திருந்தது உங்கள் கணக்கு, அதைப் புகாரில் சேர்க்காதீர்கள். இரண்டிலிருந்து ஐந்தரை வரை மூன்றரை மணி நேரம், அது அவர்கள் கணக்கு. பேச்சைக் கேலி செய்தது எனக்கும் வலிக்கிறது, நானும் அதே பேச்சுதான் பேசுகிறேன். ஆனால் அதை நிரூபிப்பது கடினம். புகாரில் ஒரு வாக்கியம் போதும். வழக்கை எங்கே போடுவது என்ற பயம் தேவையே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், திருநெல்வேலி மாவட்ட ஆணையம் போதும். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. பணம் கட்டியவர் என்ற முறையில் உங்கள் பெயரில் ஒரே புகார் போடுங்கள். மற்ற ஏழு பேரும் உங்கள் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவர்கள், சட்டப்படி அவர்களும் நுகர்வோர்தான். அவர்கள் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் போதும்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம்.

அதில் என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. படித்துப் பார்க்காமல் போட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ராத்திரி ரயிலில் சரியாகத் தூங்காமல், மதியம் ஒழுங்காகச் சாப்பிடாமல், பெட்டியோடு எட்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர் சாவியைக் கண்டால் எதிலும் கையெழுத்துப் போடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் தாளும் வரும். 'மாற்று அறையைப் பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் இருந்தால் அது வெறும் ரசீது. ஜெனரேட்டர் பக்கத்து அறையைத்தான் கொடுத்தார்கள் என்பதற்கு அதுவே உங்களுக்குச் சாட்சி. 'கூப்பனை முழுத் தீர்வாக ஏற்கிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று இருந்தால் கதை வேறு.

அப்படி இருந்தாலும் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்று இப்படி வாங்கிய தீர்வுச் சீட்டைப் பற்றி 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் உதவுகிறது. கையெழுத்துப் போட்டார் என்பதற்காக மட்டும் நுகர்வோரின் உரிமை போய்விடாது. ஆனால் ஏமாற்றியோ, தவறான தகவல் சொல்லியோ, நிர்ப்பந்தித்தோ வாங்கினார்கள் என்று கையெழுத்துப் போட்டவர்தான் காட்ட வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள்.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. மலையில் ஒரு ரிசார்ட், உங்களுக்கு நடந்த மாதிரியே அறை மாற்றம், இதே மாதிரி ஒரு தாள். 'பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்க முடியாமல் நிர்ப்பந்தத்தில் போட்டேன்' என்று குடும்பத் தலைவர் வாக்குமூலம் கொடுத்தார். நான் அதை முழுசாக நம்பினேன், இன்றும் நம்புகிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு காகிதம்தான் நீட்டினார். ஒன்று, கிளம்பும்போது மேனேஜருக்கு அவர் அனுப்பிய வாட்ஸ்அப்: 'ரொம்ப நன்றி சார், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.' இன்னொன்று, அவர் மனைவி கூகுளில் போட்ட ஐந்து நட்சத்திரம். ஒரு கேக் கொடுத்தார்களாம், அந்த மரியாதைக்குப் போட்டது. நம் ஊர்க்காரர்கள் கிளம்பும்போது நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் வர மாட்டோம். அது நல்ல குணம்தான். ஆனால் நிர்ப்பந்தம் என்ற வாதம் அன்றைக்கே செத்துப்போனது.

அதனால் கேட்கிறேன். அடுத்த இரண்டு நாளில் நீங்கள் எட்டுப் பேரும் என்ன செய்தீர்கள்? கூப்பனைப் பயன்படுத்தினீர்களா? தண்ணீர்ச் சறுக்கில் சிரித்துக்கொண்டே யாராவது ரீல்ஸ் போட்டார்களா? போயிருந்தால் சந்தோஷமாகத்தான் இருந்திருப்பீர்கள், அதில் தப்பே இல்லை. பார்க் நன்றாக இருந்தது, அறைதான் மோசம் என்றே புகாரில் எழுதிவிடுங்கள். மொத்தப் பயணமும் நாசம் என்று எழுதினால் அந்த ஒரு ரீல் உங்கள் புகார் முழுவதையும் பொய்யாக்கிவிடும். அதைவிட முக்கியம், கையெழுத்துப் போட்ட பிறகு எதிர்ப்புத் தெரிவித்து ஒரு மெயிலோ மெசேஜோ அனுப்பினீர்களா? மறுநாள் காலையில் இரண்டு வரி அனுப்பியிருந்தாலும் அது தங்கம். இல்லையென்றால் இன்றைக்கே அனுப்புங்கள். நடந்ததை மட்டும் எழுதி, தாளின் நகலையும் கேளுங்கள். அவர்கள் தரமாட்டோம் என்றால் அதுவும் நமக்கு உதவும். போனை மாற்றிவிடாதீர்கள். மெசேஜை மின்னணுச் சாட்சியமாகக் கொடுக்க அதற்குரிய சான்றிதழ் வேண்டும், மூலப் போன் கையில் இருந்தால் வேலை சுலபம்.

உங்கள் தோழி ஒருவர் 'திருட்டுக் கும்பல்' என்று விமர்சனம் போட்டிருப்பதாகக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். இன்று ராத்திரிக்குள் அந்த இரண்டு வார்த்தையை எடுக்கச் சொல்லுங்கள். அறை மாறியது, நேரம், கட்டிய தொகை எல்லாம் உண்மை, அது இருக்கட்டும். திருட்டு என்பதை நிரூபிக்க முடியாது. நாம் நோட்டீஸ் அனுப்பினால் அவர்கள் பதிலுக்கு அவதூறு என்று அவருக்கு அனுப்புவார்கள். அப்புறம் எட்டுப் பேர் ஏழு பேராவார்கள், அந்த ஏழு பேரும் ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். இதையும் பார்த்திருக்கிறேன்.

பத்து லட்சத்தை மறந்துவிடுங்கள். உங்கள் ரசீதில் ஏரிப்பக்க அறை ஒரு இரவுக்கு 7,500, அதே ரிசார்ட்டின் சாதாரண அறை 4,500. வித்தியாசம் 3,000, நான்கு அறைக்கு இரண்டு இரவு, 24,000 ரூபாய். உங்கள் கோரிக்கையின் முதுகெலும்பு இதுதான். கூப்பனைப் பயன்படுத்தியிருந்தால் 8,000-ஐக் கழிக்கச் சொல்வார்கள். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் நியாயமான ஒரு தொகை சேரும். அந்தத் தாள் இருக்கிற நிலையில், நோட்டீஸுக்குப் பதிலாக அவர்கள் நாற்பதாயிரம் தருகிறோம் என்றால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. முப்பதாயிரம் என்றாலும் யோசிப்பேன். வழக்கை முடிக்கச் சட்டத்தில் மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் லீவு போட வேண்டும்.

சமரசத்துக்கு வந்தால் இன்னொரு தாள் நீட்டுவார்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் கையெழுத்து. தொகையும் தேதியும் பரிமாற்ற எண்ணும் அதில் இருக்க வேண்டும். அடுத்த முறை தங்குவதற்கு இலவச வவுச்சர் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 'விமர்சனத்தை நீக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும், அதை ஏற்பதா என்று எட்டுப் பேரும் பேசி முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அது உங்கள் ஒருவர் கையில் இல்லை. வந்த பணத்தை அன்றே எட்டாகப் பிரித்து அவரவர் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

எதுவும் ஒத்துவரவில்லையென்றால் வழக்குப் போட, நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் இருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். அன்று மாலை ரிசப்ஷனில் என்ன நடந்தது என்பதை எட்டுப் பேரும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல், இந்த வாரமே எழுதி வையுங்கள். வரும்போது அதையும் கொண்டு வாருங்கள்.