இல்லாத காலில் வலி

"மனமும் உடலும் வேறு வேறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாவின் இடது காலை வைத்துத்தான் என்னால் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

சர்க்கரைப் புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஓர் இரவு, "கட்டைவிரலை யாரோ முறுக்குற மாதிரி இருக்கு, கொஞ்சம் நீவி விடும்மா" என்றார். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. நான் திகைத்து நின்றேன். அம்மா ஒன்றும் பேசாமல், பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் மெத்தையை நீவிக்கொண்டிருந்தார்.

கால் போயும் வலி போகவில்லை; அப்படியானால் மனம் தனிதானே என்றுதான் அன்று நினைத்தேன். இரண்டும் தனித்தனி என்று வாதிட்ட பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டும் 1641-இல் வந்த தம் நூலில் இந்த வலியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1643-இல் பொஹீமியா இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் எழுதி, பருப்பொருளே இல்லாத மனம் உடம்பை எப்படி அசைக்கும் என்று கேட்டார். வந்த பதிலில் அவருக்குத் திருப்தியில்லை. எனக்கும் இல்லை.

பிசியோதெரபிஸ்ட் ஒரு கண்ணாடி கொண்டுவந்தார். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் 1990-களில் அமெரிக்காவில் உருவாக்கிய முறை இது. இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தினால், வலது காலின் பிம்பம் இடது கால் இருந்த இடத்தில் தெரியும். அப்பா வலது கால் விரல்களை மெதுவாக மடக்கி விரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "விட்டுடுச்சு" என்றார். அது வெறும் பிம்பம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. அப்பாவுக்கே சில நாள் பலிக்காது. அன்று நரம்பு வலி மாத்திரைதான்.

காலை எடுத்தாலும், காலுக்கென்று மூளையில் இருக்கும் பகுதி அப்படியே இருக்கிறது. அதுவும் உடம்புதானே? ஒரே வலியைக் கண்ணில் பட்ட பிம்பமும் தணிக்கிறது, இரத்தத்தில் கலந்த மருந்தும் தணிக்கிறது. இதில் எங்கே கோடு போட்டு இது மனம், இது உடல் என்று பிரிப்பது? வேறு வேறு இல்லை என்றே நான் நம்புகிறேன்.

பார்க்க வந்த உறவினர் ஒருவர், "எல்லாம் மனசுதான் அத்தான், நெனைக்காம இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் ஒரு வாரம் அப்பா வலியை வெளியே சொல்லவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். உங்கள் வீட்டில் யாராவது இல்லாத காலில் வலிக்கிறது என்றால், தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். எந்த விரல், எப்படி வலிக்கிறது என்று கேட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.